ஓர் அங்குலம் கூடுதல்

ஜனவரி 11

அன்புள்ள தவளைக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், முதலில் உன் கடிதத்துக்கு வருகிறேன். கடிதமா அது? "மாமா, பீமில் விழுந்துகொண்டே இருக்கிறேன்" என்று ஒரே ஒரு வரி. அதற்குக் கீழே பக்கம் முழுக்க வெள்ளை. நீ இருப்பது போன் வைத்துக்கொள்ளக் கூடாத ஜிம்னாஸ்டிக்ஸ் விடுதி, அதனால்தான் இந்தக் காலத்திலும் நாம் காகிதத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். அதிலுமா கஞ்சத்தனம்?

சரி, விழுகிறாய். விழட்டும். நேற்று நான் பதினான்காம் மாடியில், ஒரு சாண் அகலப் பலகையில், இரண்டு கையிலும் சிமெண்டுச் சட்டியோடு நடந்தேன். எதிர்க்காற்று வேறு. கீழே லாரிகள் தீப்பெட்டி மாதிரித் தெரிந்தன. என்ஜினியர் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க மனுஷனா பறவையா?" என்றார். "ரெண்டுக்கும் நடுவுல தம்பி" என்றேன். அந்த ரத்தம் உன் உடம்பில் ஓடுகிறது. தாய்மாமன் ரத்தம் பாதி என்று டாக்டர்களே சொல்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன் என்று உன் அம்மா என்னைச் சொல்லிக்காட்டுவாள். நான் நிற்கவில்லை, பள்ளிக்கூடம்தான் என் வேகத்துக்கு வரமுடியாமல் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஆனாலும் நீ பீம் என்கிறாயே, அந்தக் கட்டையை உனக்கு வீட்டிலேயே செய்து கொடுத்தவன் எவன்? பின் அறையில் இன்றும் கிடக்கிறதே, சர்வதேச அளவில், இம்மி பிசகாமல்! அதன்மேல் நீ பின்னால் பாய்ந்து, கையை ஊன்றி, காலைச் சுழற்றி நின்றபோது இந்த வீதியே ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்தது. இங்கே நின்றவளுக்கு அங்கே நிற்க முடியாதா? அங்கேயும் அதே கட்டைதானே.

யோசனை சொல்கிறேன், குறித்துக்கொள். பாயும்போது உன் காலையே பார். கால் எங்கே என்று தெரிந்தால் விழமாட்டாய்.

உன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இரட்டை வேலை. நீ முதலிடத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த இடத்தை நீ வந்து நிரப்பிக்கொள்.

இப்படிக்கு,
பதினான்காம் மாடிப் பறவை,
உன் மாமா


ஜனவரி 19

மாமா,

காலைப் பார்க்கக் கூடாது. பீமின் கடைசி முனையைப் பார்க்க வேண்டும். காலைப் பார்த்தால் தலை முன்னால் வரும், இடுப்பு வளையும். அந்த யோசனையை இனி யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஒரு வரிக்குமேல் எழுத வரவில்லை, அதனால்தான் அப்படி அனுப்பினேன். இப்போது எழுதுகிறேன்.

நான் பின்னால் பாய்ந்து கை ஊன்றி எழுவதற்கு இங்கே ஃப்ளிக் என்று பெயர். தரையில் நான் செய்யும் ஃப்ளிக்கைக் காட்டி, சின்னப் பிள்ளைகளிடம், "இப்படிச் செய்யணும்" என்கிறார் கோச். என்னை இங்கே சேர்த்துக்கொண்டதே தரையில் செய்து காட்டியதற்காகத்தான். முழங்கால் உயரத்துத் தாழ்ந்த பீமில் பத்துக்கு மூன்று நிற்கிறேன். உயர்ந்த பீமில் இதுவரை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முறையும் இடது கை வெளியே நழுவுகிறது. கோச் சொல்வது ஒன்றுதான்: "கீழ எப்படிச் செய்யுறியோ அதையே மேல செய். புதுசா ஒண்ணும் செய்யாத." நான் அதையேதான் செய்கிறேன், மாமா. சத்தியமாக அதையேதான் செய்கிறேன்.

மார்ச் 2ஆம் தேதி தேர்வு. நாங்கள் பதினேழு பேர். எட்டு இடம். பீமில் ஃப்ளிக் இல்லாமல் எட்டுக்குள் வரமுடியாது. வராதவர்கள் விடுதியை விட்டுப் போக வேண்டும், இங்குள்ள பள்ளிக்கூடத்தையும் விட்டுப் போக வேண்டும்.

உள்தொடையில் பீம் அடித்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. படியிறங்கும்போது பக்கவாட்டில் இறங்குகிறேன். பக்கத்துக் கட்டில்காரி "நண்டு" என்கிறாள். நீங்கள் தவளை என்கிறீர்கள். மனுஷி என்று சொல்ல யாருமில்லை.

வீட்டில் ஒரே நாளில் முப்பது முறை நின்றேனே. நீங்கள் எண்ணினீர்களே. அப்போது முடிந்தது இப்போது முடியவில்லை என்றால் எனக்குள் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அது என்ன என்று தெரிந்தால் சரி செய்துவிடுவேன். தெரியவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.


ஜனவரி 24

அன்புள்ள தவளைக்கு (நண்டு என்று சொன்னவளை என்னிடம் அனுப்பு, பேசிக்கொள்கிறேன்),

உனக்குள் ஒன்றும் கெடவில்லை. கெட்டுப்போக நீ என்ன பாலா? எனக்கும் ஒரு முறை இப்படி வந்தது. பத்தாம் மாடியில் இரும்புத் தூணுக்கும் தூணுக்கும் நடுவே போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று கால் நகரமாட்டேன் என்றது. கீழே நானூறு பேர் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள். நான் என்ன செய்தேன்? ஒரு பாட்டை எடுத்துவிட்டேன்! பாட்டு முடிவதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டேன். தீயணைப்பு வண்டிக்காரர் ஏமாந்துபோய், "வந்ததுக்கு ஒரு பீடியாவது குடுங்க" என்றார். நீயும் பாடிப் பார்.

முப்பது முறை எண்ணினேன் என்று எழுதியிருக்கிறாய். முப்பத்தொன்று. நீ விடுகிற ஒன்றையும் விடாதவன் நான்.

பொழுது போகவில்லையா என்று கேட்காதே, சும்மா ஒரு கேள்வி. அங்கே உள்ள கட்டை பார்வைக்கு எப்படி? நம்முடையது மாதிரியே இருக்கிறதா, கொஞ்சம் ஒல்லியோ? பெரிய இடங்களில் சாமான் வாங்கும்போது ஏமாந்துவிடுவார்கள். அதற்காகக் கேட்டேன். வேறொன்றுமில்லை.

மனதைத் தளரவிடாதே. இந்த வீதியில் உன் படத்தை மாட்டுவதற்கு நான் சுவரே பார்த்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பத்தாம் மாடிப் பாடகன்


ஜனவரி 31

மாமா,

கட்டையைப் பற்றி நீங்கள் கேட்ட கடிதம் வந்த அன்றே இங்கே ஒன்று நடந்தது.

கோச் தரையில் ஒரு நாடா ஒட்டினார். பத்து சென்டிமீட்டர் அகலம், பீமின் அகலம். என் இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளைப் பொடி தடவச் சொல்லி, நாடாவின் மேல் ஃப்ளிக் செய்யச் சொன்னார். ஆறு செய்தேன். ஆறும் நின்றேன். பிறகு குனிந்து தடங்களைப் பார்த்தோம். ஆறிலும் இரண்டு கையின் சுண்டுவிரல் பக்கமும் நாடாவுக்கு வெளியே. இடது கை அதிகம்.

"பாத்தியா? தரையிலயும் நீ இதேதான் செய்யுற. தரை கண்டுக்காம விட்டுடுது, பீம் விடமாட்டேங்குது" என்றார். பிறகு என் கைகளைப் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கை இப்படித்தான் பழகியிருக்கு. யாரோ அளந்து வெச்ச மாதிரி ஆறு தடவையும் ஒரே இடம். எந்த பீம்ல கத்துக்கிட்ட?"

மாமா செய்தது, சர்வதேச அளவு என்றேன்.

"அளவு எழுதி வாங்கு" என்றார். "அது அகலமா இருந்திருந்தா பிரச்சன கையில. திரும்ப முதல்லேர்ந்து பழக்கிடலாம், இன்னும் நாலு வாரம் இருக்கு. அது சரியான அளவுதான்னா வேற மாதிரி யோசிக்கணும்."

அதனால் நாடா வைத்து அளந்து, சென்டிமீட்டரில், உடனே எழுதுங்கள். கதை வேண்டாம். எண் மட்டும் போதும்.


பிப்ரவரி 4

அன்புள்ள தவளைக்கு,

எண் மட்டும் போதுமாம்! அளக்கத் தெரியாதவனா உன் மாமா? இரும்பு நாடாவை எடுத்து முதலில் இந்த முனை, பிறகு நடு, பிறகு அந்த முனை. மூன்று இடத்திலும் ஒரே அளவு. பத்து சென்டிமீட்டர். உன் கோச்சிடம் தைரியமாகச் சொல். கூடவே, இதைச் செய்தவர் பெரிய பெரிய கட்டடங்களுக்கே அளவு சொல்கிறவர் என்றும் சொல்.

கையெல்லாம் சரியாகத்தான் இருக்கும். சாப்பாடு போதவில்லையோ என்னவோ. வேலை அதிகம், இத்துடன் முடிக்கிறேன்.

மாமா


பிப்ரவரி 11

மாமா,

கோச்சிடம் பத்து சென்டிமீட்டர் என்று சொன்னேன். உங்கள் கடிதத்தையும் காட்டினேன்.  "அப்போ கத்துக்கிட்டதுல தப்பில்ல, பயத்துல கை விரியுது, அதுவே தரையிலயும் பழகிடுச்சு" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

அன்றிலிருந்து உயர்ந்த பீமில் ஏறவிடவில்லை. மற்றவர்கள் பயிற்சி செய்யும்போது நான் ஓரமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மனதுக்குள் ஃப்ளிக் செய்ய வேண்டும். மனதுக்குள்ளும் விழுகிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு டாக்டரம்மா வந்து, "எப்ப இந்தப் பயம் ஆரம்பிச்சுது?" என்று கேட்கிறார். தெரியாது என்கிறேன். எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால், "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டுகிறார்.

திங்கட்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது தனியாக உள்ளே போனேன். மெத்தை போடவில்லை. பயமில்லை என்று எனக்கே காட்ட வேண்டியிருந்தது. ஏறினேன், முனையைப் பார்த்தேன், பாய்ந்தேன். இடது கை போனது. தாடை பீமில் இடித்தது. மூன்று தையல். கோச் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். 

இனி முடியாது, மாமா. ஒரு காலத்தில் முடிந்த ஒன்று கண்ணெதிரே என்னை விட்டுப் போய்விட்டது. அதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை. என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

இத்துடன் விலகல் படிவம் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் கையெழுத்து வாங்கி 25க்குள் வந்து சேருமாறு அனுப்புங்கள். என்ன சொல்லி வாங்குவீர்களோ வாங்குங்கள். நீங்கள்தான் நன்றாகச் சொல்வீர்களே.


பிப்ரவரி 15

என் கண்ணே,

படிவத்தில் கையெழுத்து வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன். இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. ஆனால் படிக்காமல் கிழித்துவிடாதே. படித்து முடித்ததும் அப்படியே கோச்சிடம் கொடு.

நம் கட்டை பத்து சென்டிமீட்டர் இல்லை. இப்போதுதான், உண்மையாகவே, இரும்பு நாடாவால் அளந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு மயிரிழை குறைவு. அதாவது ஐந்து அங்குலம். இருக்க வேண்டியது நாலு. போன கடிதத்துக்கு நான் அளக்கவே இல்லை. அளக்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. எனக்கு எப்போதும் தெரியும்.

அப்போது உனக்குப் பத்து வயது. தச்சர் நாலு அங்குலத்தில்தான் அறுத்துக் கொடுத்தார். "இதுல பூனதான் நடக்கும்" என்று சிரித்தார். நான் அதைக் கொண்டுவந்து பின் அறையில் இடுப்பு உயரத்துக்கு நிறுத்தினேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். சரி, நாமே ஒரு தடவை ஏறிப் பார்ப்போம் என்று நாற்காலி போட்டு ஏறினேன். இடுப்பு உயரம்தான்.  சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கவும் தெரியவில்லை. அங்கேயே நின்றுகொண்டு இதன்மேல் உன்னைத் தலைகீழாக நினைத்துப் பார்த்தேன். 

அன்றைக்கே பக்கத்துக்கு அரை அங்குலம் பட்டை வைத்து, பசை போட்டு, ஆணி அடித்து, மேலே பழைய மெத்தை உறையை இழுத்துச் சுற்றித் தைத்தேன். அவ்வளவு அழகாகத் தைத்தேன் என்று... வேண்டாம். தைத்தேன். நீ வந்து ஏறினாய். விழவில்லை. "சர்வதேச அளவு" என்றேன்.

ஒரு மாதம் கழித்து எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் நீ அதன்மேல் எல்லாம் செய்ய ஆரம்பித்துவிட்டாய். வீதியில் நான் சொன்ன கதைகள் உனக்குத் தெரியும். பட்டையை எடுத்தால் நீ விழுவாய். நீ விழுந்தால் என் கதை விழும். நாலு வருடம் எடுக்கவில்லை.

இன்னொன்று. நான் பதினான்காம் மாடியில் இல்லை. பத்திலும் இல்லை. கட்டடம் கட்டும் இடத்தில், வாசலுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, மேலே போகிறவர்களுக்குத் தலைக்கவசமும் கையுறையும் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறவன். இரண்டாம் மாடிக்கு ஒரே ஒரு தடவை ஏறினேன், கைப்பிடி வைக்காத படிக்கட்டில். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்து இறக்கினார்கள். என்ஜினியர் பேசினது உண்மை. ஆனால் பறவை என்று சொல்லவில்லை. வேறு சொன்னார்.

பயம் என்னுடையது, கண்ணே. அந்த டாக்டரம்மா எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாரே, இதைக் காட்டு. உனக்கு எதுவும் கெடவில்லை. உன் கை, ஐந்து அங்குலத்துக்கு எங்கே போக வேண்டுமோ அங்கே சரியாகப் போகிறது. ஆறுக்கு ஆறும்.

நீ அளவு கேட்டபோதே சொல்லியிருந்தால் நாலு வாரம் இருந்திருக்கும். உன் தாடையும் கிழிந்திருக்காது. அதற்கு நான் என்ன எழுதுவது என்று அரை நாளாக உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை.

மாமா


பிப்ரவரி 20

உங்கள் கடிதத்தைக் கோச்சிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு, "உங்க மாமாவ நேர்ல பாத்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல" என்றார்.

எனக்கும் தெரியவில்லை.

எனக்குள் எதுவும் கெடவில்லை என்று தெரிந்தது. அழுதேன். அதற்குப் பிறகுதான் மற்றது புரிந்தது. இங்கே வருவதற்கு முன் நான் ஒரு தடவைகூடச் சரியான அளவுப் பீமில் ஃப்ளிக் செய்ததே இல்லை. அந்த முப்பதும் இல்லை, முப்பத்தொன்றும் இல்லை. இழந்துவிட்டேன் என்று மூன்று மாதம் அழுதது, என்னிடம் இருந்ததே இல்லாத ஒன்றுக்காக.

கோச் முதல் நாள் பிள்ளை மாதிரி என்னைத் தரைக்கு இறக்கிவிட்டார். நாடாவின் மேல் கைகளைச் சேர்த்து வைத்து, ஒரு பெருவிரலை மற்றதன் மேல் போட்டு, முதலில் தலைகீழாக நிற்பது மட்டும். பொடித் தடம் உள்ளே விழுந்தால்தான் அடுத்தது. வெறும் தரையிலும் இனி அப்படித்தான் வைக்க வேண்டுமாம். "தரைக்கு ஒண்ணு, பீமுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஃப்ளிக் வெச்சுக்காத. ஒண்ணே ஒண்ணு. எங்க போனாலும் அதையே எடுத்துட்டுப் போ." தரையில் நான் அழகாகச் செய்துகொண்டிருந்ததும் இப்போது கோணலாக வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வேறு ஒருத்தியைக் காட்டுகிறார்கள்.

கேட்டபோதே சொல்லியிருந்தால் முப்பது நாள். இப்போது பதினொன்று.

இனி எனக்கு எழுத வேண்டாம்.


பிப்ரவரி 24

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் வைத்துவிடு, பரவாயில்லை.

உன் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். சலவைக் கூடத்திலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நீ முதலிடத்தில் இல்லை, கடைசியில் தொங்குகிறாய், தாடையில் தையல், எல்லாம் என்னால், என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "உன் பயத்த எம் பொண்ணு தலையில கட்டி, அதுக்கு மெத்தையும் தெச்சிருக்கியேடா" என்றாள். பிறகு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறாள். வைக்கிற சத்தத்தில் மற்றதெல்லாம் சொல்லிவிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை விடுதியில் விடுகிற ஐந்து நிமிடப் போனில் உன்னோடு பேசும்போது அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பாள். அழுகிறாள் என்று தெரிந்தால் நீயும் அழாதே.

உறையைப் பிரித்துப் பட்டைகளைப் பெயர்த்தேன். நாலு வருடப் பசை, உளி வைத்துத்தான் வந்தது. இப்போது நாலு அங்குலம்.  அங்கே உனக்கு ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் இது ஒன்றைக்கூடக் கூட்டாது. சும்மா இருக்க முடியவில்லை.

எந்த யோசனையும் சொல்லவில்லை. என்னிடம் எதுவும் இல்லை.


மார்ச் 3

மாமா,

நேற்று தேர்வு முடிந்தது. உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் இதை அம்மாவிடம் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாது. யாராவது முழுதாகக் கேட்க வேண்டும்.

பதினொரு நாளும் ஒரு நாளைக்கு நூற்றுக்குமேல் செய்தேன். தரை, பிறகு தாழ்ந்த பீம், அதன் இரண்டு பக்கமும் பீம் மட்டத்துக்கு மெத்தை அடுக்கி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து. உயர்ந்த பீமில் மூன்று நாள்தான் கிடைத்தது. அதில் நின்றது ஏழு. விழுந்தது எத்தனை என்று கோச் எண்ணவிடவில்லை. தேர்வுக்கு முன் என் மணிக்கட்டைப் பிடித்து, "வேணாம்னா ஃப்ளிக்க விட்டுடு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். விட்டால் எட்டுக்குள் வரமுடியாது என்று அவருக்கும் தெரியும்.

ஏறினேன்.  முனையைப் பார்த்தேன். பாய்ந்தேன். கைகள் சரியாக விழுந்தன. அது எனக்குத் தலைகீழாக இருக்கும்போதே தெரிந்தது, மாமா. இடது கை எங்கேயும் போகவில்லை. கால்களும் பீமில் வந்து நின்றன. பிறகு வலது குதிகால் ஆடியது. விழுந்தேன்.

விழுந்தால் பத்து நொடிக்குள் ஏற வேண்டும். ஏறினேன். கோச் ஓரத்திலிருந்து கையை வீசி, அடுத்ததுக்குப் போ, அடுத்ததுக்குப் போ என்று காட்டினார். ஏனென்றால் கால் பீமில் பட்டுவிட்டதால் அந்த ஃப்ளிக்குக்கு உண்டான மதிப்பெண் கிடைத்துவிடும், விழுந்ததற்கு மட்டும் கழிப்பார்கள். திரும்பச் செய்தால் ஒரு மதிப்பெண்கூட அதிகமாகாது. எனக்கும் அது தெரியும்.

திரும்பச் செய்தேன்.

ஏன் என்று கோச் கேட்டார், கத்தினார் என்றே சொல்லலாம்.  அங்கிருந்து இறங்கிப் போகும்போது, என்னால் முடியுமா முடியாதா என்று தெரியாமல் போக முடியாது. இன்னொரு தடவை அப்படிப் போக முடியாது.

நின்றேன். அசையவில்லை. எவ்வளவு நேரம் என்றால், நேரம் தாண்டிவிட்டதற்கு மணி அடித்தார்கள். அதற்கு ஒரு மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தார்கள். எட்டாவது வந்தவளுக்கும் எனக்கும் இடையில் இருப்பது அதைவிடக் குறைவு. நான் ஒன்பது.

எட்டாவது, பக்கத்துக் கட்டில்காரி. அவள்தான் அதிகமாக அழுதாள்.

ஆறு மாதம் கழித்து வெளியிலிருந்து வந்து மறுபடி தேர்வில் நிற்கலாம் என்று கோச் சொன்னார். அதுவரை இங்கே இடம் கிடையாது. பள்ளியும் கிடையாது. பதினான்காம் தேதிக்குள் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். நேற்று இரவு முழுக்க, அந்த இரண்டாவதை ஏன் செய்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து அதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் செய்கிறேன். விழவில்லை. ஆனால் ஆறு மாதம் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை.

அம்மாவால் லீவு எடுக்க முடியாது. நீங்கள்தான் வந்து கூட்டிப்போக வேண்டும். உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். போகவில்லை.

ஒன்று கேட்கிறேன். அம்மாவிடமும், வீதியிலும், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நான் விழுந்ததை விட்டுவிடாதீர்கள். அதை விட்டுவிட்டால் மற்றதும் நடக்காத மாதிரி ஆகிவிடும்.


மார்ச் 7

கண்ணே,

உன் கடிதம் காலையில் வந்தது. உன் அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நிறுத்தி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன், ஒரு சொல் கூட்டாமல். இரண்டாவது தடவை நின்றதை வாசிக்கும்போது அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, "பொட்டப்புள்ள தனியா ஏறி நின்னிருக்கு. நீயும் இருக்கியே" என்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. வேலைக்கு அரை மணி தாமதமாகப் போனாள்.

பிறகு டீக்கடைக்குப் போனேன். வழக்கமான ஆட்கள் எல்லாம் இருந்தார்கள். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே, "வாங்க வாங்க, மருமக என்ன ஆச்சு? கப்பு வருதா?" என்று பெஞ்சைத் துடைத்தார். இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருவர் இன்னொரு டீ சொன்னார். நான் பேச ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

என் வாய்க்குள் எல்லாம் தயாராக வந்து நின்றது. ஒன்பதாயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டியது, நடுவர் கண்ணைத் துடைத்தது, சதி செய்து உன்னைத் தள்ளியது. ஒன்பதை மூன்றாக்க எனக்கு ஒரு மூச்சு போதும். அந்த மூச்சை அடக்குவது என்னவோ மாதிரி இருந்தது. கைப்பிடி இல்லாத இடத்தில் நிற்கிற மாதிரி.

"ஒம்பதாவது வந்துச்சு. எட்டுப் பேருக்குத்தான் இடம். வீட்டுக்கு வருது" என்றேன்.

 மீதி வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"விழுந்துருச்சா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

"விழுந்துச்சு. திரும்ப ஏறி, அதையே செஞ்சு, நின்னுச்சு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்" என்றேன்.

டீ ஆறியிருந்தது. குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பின்னால் ஒருவர், "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

பதின்மூன்றாம் தேதி காலையில் விடுதி வாசலில் நிற்பேன். கோச்சும் வருவார் என்றால் வரட்டும். அவர் என்ன செய்ய நினைத்தாலும் செய்யட்டும், நான் ஓடமாட்டேன்.

மாமா